போனில் மட்டும் இருந்தவள்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை. கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஒரு புகார் வந்து உட்கார்ந்திருந்தது.

புகார் எனக்குப் புதிதல்ல. வெப்சைட் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ‘படம் வரவில்லை’, ‘பட்டன் அமுங்கவில்லை’, ‘சைட் படுத்துவிட்டது’... விருதுநகரில் என் ஆபீஸுக்குக் காலைக் காபியோடு சேர்ந்தே வரும் பலகாரங்கள் இவை. ஆனால், அன்றைக்கு வந்தது வேறு மாதிரி இருந்தது.

‘“எங்கள் குடும்பம்” பக்கத்தில் நாலாவது படத்தைக் காணோம். போன வாரம் வரை இருந்தது. எடுக்கச் சொன்னது யார்?’

பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு புள்ளி. ஊர் எழுத வேண்டிய கட்டத்தில் இன்னொரு புள்ளி. ஈமெயில் முகவரி மட்டும் இருந்தது.

யோசித்துப் பாருங்கள். புகார் வந்தது, நான் செய்து கொடுத்த ஒரு சிவகாசி பட்டாசு கம்பெனியின் வெப்சைட்டிலிருந்து. அங்கே வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்? இந்த வருடம் என்ன புது ரகம், யாருக்குப் போன் போட வேண்டும்... அவ்வளவுதான். முதலாளி வீட்டுப் படங்களை வரிசை வைத்து எண்ணிக்கொண்டிருப்பவர் உண்டா? அதிலும் நாலாவது படத்தை?

ஒரே ஒருத்தி எண்ணுவாள். அந்தப் படத்தில் இருக்கிறவள்.

அவளைக் கயல் என்று வைத்துக்கொள்வோம். அவள் அப்பாவைப் பரமசிவம் அண்ணாச்சி என்று. பெயர்களை மாற்றிவிட்டேன். எந்தக் கம்பெனி என்று கேட்டுத் தயவுசெய்து கடிதம் போடாதீர்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனிக்கு வெப்சைட் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவளே கயல்தான். எம்.பி.ஏ. முடித்துவிட்டு அப்பாவின் ஆபீஸில் வந்து உட்கார்ந்திருந்த நேரம். அண்ணாச்சிக்கு இதில் பெரிய பிடிப்பில்லை.

“வெடிய ஆன்லைன்ல விக்கக் கூடாதுன்னுட்டாக. பெறகு எதுக்குத் தாயி சைட்டு?” என்றார் என்னிடம்.

“விக்க வேண்டாம்ப்பா. நாம இருக்கோம்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?” என்றாள் மகள்.

அவர் சிரித்துவிட்டார். ஒரே மகள். அவள் கேட்டு அவர் இல்லை என்று சொல்லி நான் அதுவரை பார்த்ததில்லை.

வேலை தொடங்கியதும் என்னைப் படுத்தி எடுத்தாள். காரை விட்டுவிட்டு வேண்டுமென்றே பஸ்ஸில் விருதுநகர் வருவாள். வரும் வழியெல்லாம் போனில் சைட்டைத் திறந்து திறந்து பார்ப்பாள். வந்ததும், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் குற்றப்பத்திரிகை வாசிப்பாள்.

“அக்கா, ஆமத்தூர் தாண்டுற வரைக்கும் தொறக்க மாட்டேங்கு. சக்கரம் சுத்திக்கிட்டே கெடக்கு. நம்ம கடைக்காரங்க எல்லாம் போன்லதான பாப்பாக? அம்புட்டுப் பேருகிட்டயும் கம்ப்யூட்டரா இருக்கு?”

நியாயம்தான். நான் செய்து வைத்திருந்தது பெரிய திரைக்கான சைட். திறந்தவுடன் புஸ்வாணம் பூவாகச் சொரியும். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு வரும். இந்த ஆட்டபாட்டத்தையெல்லாம் நடத்துவது ஜாவாஸ்கிரிப்ட் என்கிற மொழியில் எழுதிய ஒரு ஃபைல். கம்ப்யூட்டருக்கு எழுதியதை அப்படியே போனுக்கும் அனுப்பினால், பாவம், அது மூச்சு வாங்கும்.

அதனால் அந்த ஒரு ஃபைலை இரண்டாக்கினோம். யாராவது சைட்டைத் திறந்தால், முதல் வேலையாக அவருடைய திரை எவ்வளவு அகலம் என்று பார்ப்பது. அகலமாக இருந்தால் கனமான ஃபைல் போகும். குறுகலாக இருந்தால் லேசான ஃபைல் போகும். ஒருவருக்குப் போவது இன்னொருவருக்குப் போகாது. கயல் அவற்றுக்குப் பெயரும் வைத்தாள் — ‘பெருசு’, ‘சிறுசு’.

“கனமான ஃபைல் போன்ல லோடு ஆகாது அண்ணாச்சி...” என்று நான் அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்தில் லோடு என்றால் அது லாரி சமாசாரம். அண்ணாச்சி உடனே பிடித்துக்கொண்டார்.

“மினி வண்டியில லாரி லோட ஏத்தாதன்னு சொல்லுதீக. அம்புட்டுத்தான?”

அம்புட்டுத்தான். அரை மணி நேரம் பேசுவதற்குத் தயாராகப் போனவள் நான்.

‘எங்கள் குடும்பம்’ பக்கத்துக்கு எட்டுப் படங்கள் தேறின. நாலாவது, ஆயுத பூஜையன்று எடுத்தது. லாரி முகப்பில் கயல் சந்தனம் வைத்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் அண்ணாச்சி இடுப்பில் கைவைத்து நின்று சிரிக்கிறார். படத்துக்குக் கீழே என்ன போட என்று கேட்டேன். “எங்கள் அடுத்த தலைமுறைன்னு போடுங்க” என்றார், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

இரண்டு ஃபைலிலும் படங்களின் பட்டியலைத் தனித்தனியாக எழுதி வைத்தேன். என் தொழில் செய்கிறவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதாதே — இது எங்களுக்கு அரிச்சுவடிப் பாடம். ஏதோ அவசரம். எழுதிவிட்டேன்.

இரண்டு வருடம் ஓடியது. கயல், கல்லூரியில் கூடப் படித்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டாள். அவர் வேறு சாதி. ஆறு மாதம் வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தாள். அழுதாள், பட்டினி கிடந்தாள், மறுபடி கேட்டாள். அண்ணாச்சி முதல் தடவையாக இல்லை என்றார். அவரைவிட அவருடைய அண்ணன்தான் அதிகமாகக் குதித்தார் என்று கேள்வி. கம்பெனியில் பாதி அந்த அண்ணனுடையது. குடும்பத்தில் முழுதும் அவர் சொல்தான்.

கடைசியில் கயலும் அவள் விரும்பியவருமாகக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டார்கள். நாலாம் நாள் அண்ணாச்சியிடமிருந்து எனக்குப் போன்.

“தாயி... சைட்டுல அந்த நாலாவது போட்டோவ எடுத்துருங்க.”

“சாயங்காலத்துக்குள்ள எடுத்துருதேன் அண்ணாச்சி” என்றேன்.

“இப்பமே எடுத்துருங்க. அண்ணன் பக்கத்துல இருக்காரு.”

எடுத்தேன். ஒரே ஒரு வரியை அழிப்பதுதான் வேலை. எட்டு ஏழானது. என் பெரிய திரையில் பார்த்தேன், படம் இல்லை. அவரும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தார். “போயிருச்சு” என்றார். வைத்துவிட்டார்.

நான் அழித்தது ‘பெருசு’ ஃபைலில் மட்டும். ‘சிறுசு’ என்று ஒன்று இருப்பதே அன்றைக்கு என் நினைவில் இல்லை. மனசு சரியில்லாதபோது செய்கிற வேலை அப்படித்தான் பாதியில் நிற்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை நான் திறந்தும் பார்க்கவில்லை. எதற்காகத் திறக்கப் போகிறேன்?

புகார் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமைதான் திறந்தேன். கம்ப்யூட்டரில் ஏழு படம். போனை எடுத்துப் பார்த்தேன்... எட்டு. கயல் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக வைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

அந்த ஈமெயிலுக்கு ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். ‘கயலா?’

பத்து நிமிடத்தில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

“அக்கா...”

மூன்று வருடம் கழித்துக் கேட்கிற குரல். எப்படி இருக்கே, என்ன செய்றே என்றுதான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது — “எதுல பாத்தே?” தொழில் புத்தி!

“ஆபீஸ்ல லேப்டாப் குடுத்தாகக்கா. அதுல பாத்தேன். இம்புட்டு நாளும் போன்லதான் பாப்பேன். மத்தியானம் சாப்பிடும்போது ஒருக்காத் தொறப்பேன். எல்லாப் போட்டோவும் பாக்க மாட்டேன். நாலாவதை மட்டும் பாத்துட்டு மூடிருவேன்.”

“தினமுமா?”

“தெனமும்தான். அப்பா என் நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்காக. லெட்டர் போட்டேன், பதில் இல்ல. ஆனா இதை மட்டும் எடுக்கலைல்லக்கா? ஊரு உலகத்துக்குப் பயந்து பேசாம இருக்காக, மனசுல நான் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஓட்டுனேன்” என்றாள்.

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி வாரேன்னு அம்மாகிட்டச் சொன்னேன். அம்மா மட்டும் எப்பவாச்சும் பேசும். அப்பாவும் கோயிலுக்கு வாராகளாம். எதுக்க போய் நிக்க தைரியம் இல்ல, தூரத்துல நின்னாவது பாத்துட்டு வரலாம்னு டிக்கெட் எடுத்தேன். சொல்லி நாலு நாள்தான் ஆச்சு. லேப்டாப்ல தொறக்கேன்... இல்ல. நான் வாரது தெரிஞ்சுதான எடுத்துட்டாக? வராதன்னுதான சொல்லுதாக?”

“போன்ல பாத்தியா?”

“பாக்கலக்கா. பயமா இருக்கு.”

என்ன சொல்வேன்? ‘போன வாரம் எடுக்கவில்லை, மூன்று வருடத்துக்கு முன்னாலேயே எடுக்கச் சொல்லிவிட்டார்’ என்றா? ‘நீ பிடித்துக்கொண்டிருந்தது உன் அப்பாவின் மனசு இல்லை, என்னுடைய மறதி’ என்றா?

“டிக்கெட்டை கேன்சல் பண்ணிராதே. நாளைக்குச் சொல்றேன்” என்று மட்டும் சொன்னேன்.

“என்னக்கா சொல்லப்போறீக?”

அது எனக்கே தெரியவில்லை.

சுலபமான வழி ஒன்று இருந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அது மனசில் வந்தது. அழித்த வரியைத் திரும்ப எழுதிவிட்டு, ‘டெக்னிக்கல் பிரச்னை கயல், சரி பண்ணிட்டேன்’ என்று ஒரு வரி அனுப்பினால் தீர்ந்தது. எங்கள் தொழிலில் அந்த இரண்டு வார்த்தைக்குள் எதையும் போட்டு மூடலாம். விரல் கீபோர்டு வரை போய்விட்டது.

போய், நின்றது. அந்தப் பொய்யை நம்பி அவள் அவ்வளவு தூரம் ரயிலேறி வந்து, கோயில் கூட்டத்தில் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால்? அன்றைக்கு அவள் கையில் என்ன மிச்சம் இருக்கும்?

இன்னொன்றும் உறுத்தியது. போனில் பார்க்கிறவருக்கு இது போதும், கம்ப்யூட்டரில் பார்க்கிறவருக்கு இதெல்லாம் வேண்டும் என்று பிரித்துப் பிரித்து அனுப்புவதைப் பெரிய கெட்டிக்காரத்தனமாக நினைத்து வந்தவள் நான். யாருக்கு எது போதும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? யாரைக் கேட்டுப் பிரித்தேன்?

சரி... செய்த தப்பைச் செய்தவளே போய்ச் சொல்வதுதான் முறை. புதன்கிழமை காலை சிவகாசி பஸ் ஏறினேன்.

சீசன் நேரம். ஆபீஸ் வாசலில் லாரிக்கு அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி மேஜையில் சாம்பிள் பெட்டிகள் குவிந்திருந்தன. இன்னொரு மேஜையில் அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர். அவருடைய அண்ணன் பதினோரு மணிக்கு வந்து அதன் முன்னால்தான் உட்காருவார். அது தெரிந்தே பத்து மணிக்குப் போனேன்.

“வாங்க தாயி. சாப்பிட்டீகளா?”

“ஆச்சு அண்ணாச்சி. ஒரு தப்பு பண்ணிட்டேன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

“என்ன, சைட்டு படுத்துக்கிருச்சா?”

“இல்ல. மூணு வருசத்துக்கு முன்னால நாலாவது போட்டோவ எடுக்கச் சொன்னீக. கம்ப்யூட்டர்ல எடுத்தேன். போன்ல எடுக்க மறந்துட்டேன். ரெண்டும் வேற வேற ஃபைல். போன்ல அது இன்னும் இருக்கு.”

அவர் கையிலிருந்த பேனாவை மூடினார். மூடியைச் சரியாகப் பொருத்தினார். மறுபடி திறந்து, மறுபடி மூடினார்.

“தெரியும்” என்றார்.

“எப்போலேருந்து அண்ணாச்சி?”

“நீங்க எடுத்த அன்னைக்கே. இங்கன கம்ப்யூட்டர்ல அண்ணனும் நானும் சேந்துதான் பாத்தோம். போயிருந்துச்சு. அண்ணன் சரின்னுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. நான் கார்ல போகயில சும்மா போன்ல தொறந்தேன்... இருந்தா.” வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார். “ஒங்களுக்குப் போன் போட்டுச் சொல்லணும்னுதான் நம்பரை எடுத்தேன். போடல.”

ஏன் போடவில்லை என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்பதற்கு ஒரு முட்டாள் வேண்டும்.

அவராகவே தொடர்ந்தார். “ஒருநா போனைச் சாய்ச்சுப் பிடிச்சுத் தொறந்துட்டேன். ஆளைக் காணோம். பதறிப்போச்சு தாயி. ஒங்களுக்கு ஞாபகம் வந்து எடுத்துட்டீக போலன்னு நெனச்சேன். பெறகு நேராப் பிடிச்சுத் தொறந்தேன், வந்துட்டா. அன்னையிலேருந்து போனைச் சாய்க்கிறதே இல்ல.”

எனக்குக் காரணம் புரிந்தது. போனைச் சாய்த்தால் திரையின் அகலம் கூடும். கூடினால் கம்ப்யூட்டர் என்று எண்ணிக்கொண்டு ‘பெருசு’ ஃபைல் போகும். அதில் அவள் இல்லை. இந்தக் கணக்கு எதுவும் தெரியாமல், பட்டு அறிந்து, மூன்று வருடமாகப் போனை நிமிர்த்தியே பிடித்து வந்திருக்கிறார்!

“போன வருசம் ஒரு ஏஜென்ட் பெரிய டேப்லெட் ஒண்ணு கொண்டாந்து குடுத்தாரு. போன்ல எழுத்து தெரியல, இதுல பாருங்க அண்ணாச்சின்னு. அதுலயும் தொறந்து பாத்தேன். இல்ல. எனக்கு இது தோது இல்லன்னு திருப்பிக் குடுத்துட்டேன்.”

அப்போதுதான் கயலின் புகாரைப் பற்றிச் சொன்னேன். அவள் தினமும் பார்ப்பதைச் சொன்னேன். படம் இருந்ததை வைத்து அவள் என்ன நினைத்திருந்தாள் என்பதைச் சொன்னேன்.

அண்ணாச்சி மேஜைமேல் இருந்த சாம்பிள் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கினார். கடைசிப் பெட்டியை அடுக்கிவிட்டுக் கேட்டார்.

“எந்நேரம் பாப்பாளாம்?”

“மத்தியானம். சாப்பிடும்போது.”

“நான் காலையில, காபி குடிக்கயில...”

“நான் அவளுக்குப் பதில் சொல்லணும் அண்ணாச்சி. என்ன சொல்லட்டும்?”

“உள்ளதைச் சொல்லுங்க.”

“உள்ளதுன்னா எது? எடுக்கச் சொன்னீகங்கிறதா, தெரிஞ்சும் விட்டு வச்சீகங்கிறதா?”

“ரெண்டும் உள்ளதுதான.”

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். “அப்ப கம்ப்யூட்டர்லயும் திரும்பப் போட்டுரட்டுமா?”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தே முக்கால். அந்த இன்னொரு மேஜையைப் பார்த்தார்.

“வேண்டாம் தாயி. அண்ணன் வர்ற நேரம்.”

வீட்டுக்கு ஒரு முகம், ஊருக்கு ஒரு முகம் என்று யாரையாவது திட்டுவோம், இல்லையா? நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அந்த ஊர் முகத்தைச் சுமந்துகொண்டு ஒரு மனிதர் என் எதிரில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கோபமே வரவில்லை. அது அவருக்குப் பாரமாக இருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

விருதுநகர் திரும்பிய கையோடு கயலைக் கூப்பிட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன். எடுக்கச் சொன்ன போன், என் மறதி, அன்றைக்கே அவர் பார்த்தது, டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தது... எல்லாம்.

“அப்ப எடுக்கச் சொன்னது நெசம்” என்றாள் கடைசியில்.

“நெசம்தான்.”

“தெரிஞ்சும் சொல்லாம இருந்ததும் நெசம்.”

“அதுவும்தான்.”

“போனைச் சாய்க்கவே மாட்டாகளாமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

டிக்கெட்டை அவள் கேன்சல் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை நான் இருக்கன்குடி போகவில்லை. எனக்கு அங்கே என்ன வேலை? ஆனால் நாள் முழுக்க எதுவும் ஓடவில்லை. சனிக்கிழமை காலை ஊர் திரும்பியதும் அவளே பேசினாள்.

ஆடி வெள்ளிக் கூட்டம் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்று மணலில் கால் வைக்க இடம் இல்லை. கயலின் கணவர், ‘நான் கூட வந்தா சரியா இருக்காது’ என்று சாத்தூரிலேயே இருந்துவிட்டார். அவள் தனியாகப் போனாள். அம்மா அவளைக் கூட்டத்தில் கண்டுபிடித்து, நெற்றியில் குங்குமம் வைத்து, தலைக்குப் பூ வைத்து, மெலிஞ்சுட்டியே மெலிஞ்சுட்டியே என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்களாம்.

“அப்பா?” என்றேன்.

“கார்கிட்ட நின்னாகக்கா. முப்பது அடி எடுத்து வச்சாப் போயிரலாம். நான் இங்கன நிக்கேன்னு அம்மா முன்னமே சொல்லியிருந்துச்சு. ஆனா அவுக இந்தப் பக்கம் திரும்பல. போனைப் பாத்துக்கிட்டு நின்னாக. நேராப் பிடிச்சு.”

நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தேன்.

“நான் நெசமா இங்கன நிக்கேன். அவுக போன்ல பாத்துக்கிட்டு இருக்காக...”

“கூப்பிட்டிருக்கலாம்ல கயல்?”

“வாய் வரைக்கும் வந்துச்சுக்கா. கூப்பிட்டா போனைச் சட்டைப்பையில வச்சிருவாக. நிமிந்து பாப்பாகளா, கார்ல ஏறிருவாகளான்னு தெரியாது. அதான்... பாத்துக்கிட்டே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அரை மணி நேரம் நின்னேன். முடி நெறைய நரைச்சிருச்சுக்கா அவுகளுக்கு.”

வருத்தப்படுகிறாளா, திருப்தியாக இருக்கிறாளா என்று குரலில் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். முப்பது அடித் தூரத்தில் நின்றும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளாமல் போன அப்பாவையும் மகளையும் பற்றி இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்று இரண்டு முறை சந்தேகம் வந்து, இரண்டு முறையும் போட்டேன்.

இந்தத் திங்கட்கிழமை காலை. பத்தரை மணி. அண்ணாச்சியிடமிருந்து போன்.

“தாயி, ஃபைலு ரெண்டா இருக்கப் போய்த்தான மறந்துபோச்சுன்னு சொன்னீக?”

“ஆமா அண்ணாச்சி. தப்பு என் மேலதான்.”

“தப்பை விடுங்க. இனிமே மறக்காம இருக்க என்ன வழி?”

“பட்டியலை ஒண்ணாக்கிரலாம். கம்ப்யூட்டரோ போனோ, எதுல தொறந்தாலும் ஒரே பட்டியல்ல இருந்து எடுத்துக்கிடும்.”

“அப்ப ஒண்ணாக்கிருங்க.”

புரிந்தும் புரியாத மாதிரி இருந்தது. தப்பாகப் புரிந்துகொண்டுவிடக் கூடாதே என்று பயம்.

“எதை வச்சு ஒண்ணாக்க அண்ணாச்சி? கம்ப்யூட்டர்ல உள்ளபடியா... போன்ல உள்ளபடியா?”

லாரியில் பெட்டி ஏற்றுகிறவர்களின் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவர் எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தார். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று...

“போன்ல உள்ளபடி” என்றார் அண்ணாச்சி.

“பத்து நிமிசத்துல முடிச்சுட்டுக் கூப்பிடுதேன்.”

“வைக்காதீக. நான் லைன்லயே இருக்கேன்.”

எத்தனையோ வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு பட்டியலை இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதியது அன்றைக்குத்தான். எட்டுப் படத்தின் பெயரையும் ஒரு தடவைக்கு மூன்று தடவை சரிபார்த்தேன். என் திரையில் திறந்தேன். போனில் திறந்தேன். போனைச் சாய்த்தும் திறந்தேன். எல்லாவற்றிலும் எட்டு.

“இப்பப் பாருங்க அண்ணாச்சி.”

நாற்காலியை இழுக்கும் சத்தம். அண்ணன் உட்காரும் அந்த நாற்காலியாகத்தான் இருக்க வேண்டும். மவுஸைச் சொடுக்கும் சத்தம்.

“அண்ணாச்சி... படம் வந்துச்சா?”

“வந்துட்டா தாயி.”

நாற்காலி இன்னும் கொஞ்சம் முன்னால் நகரும் சத்தம் கேட்டது.

“பெருசா இருக்கா. கன்னத்துல ஒரு இழுவு சந்தனம் இருக்கு. கையத் தொடைக்காம மூஞ்சியத் தொட்டிருப்பா போல. போன்ல இது தெரியவே இல்லயே... இம்புட்டு நாளும் எனக்குத் தெரியலயே.”

விரல் அகலத்துக்கு வருகிற படத்தில் எப்படித் தெரியும்? மூன்று வருடமாக அவர் மகளை அந்த அளவில்தான் பார்த்திருக்கிறார்.

வாசலில் கார் ஹாரன் கேட்டது. அவர் அண்ணன். எனக்குத்தான் பதற்றம்.

“பக்கத்தை மூடிருங்க அண்ணாச்சி!”

“எதுக்கு?” என்றார். நிதானமாக. “இருக்கட்டும்.”

போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த ஆபீஸில் என்ன பேச்சு நடந்தது, யார் குரல் உயர்ந்தது, எனக்குத் தெரியாது. கயலை அவர் இன்னும் கூப்பிட்டுப் பேசவில்லை. நேற்றுகூடக் கேட்டேன், “இல்லக்கா” என்றாள்.

ஆனால் மூன்று நாளாகிறது... அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி எனக்கும் யாரும் போன் செய்யவில்லை.